பேரன் பேசுவது பாட்டிக்குப் புரிய வேண்டாமா?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பல வீடுகளுக்குப் புதுக்களை வந்துவிடும். பிரான்சில் அப்போது பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அங்கே குடியேறிய பிள்ளைகள், மனைவி மக்களோடு ஊருக்கு வருகிறார்கள். பெட்டி நிறையச் சாக்லெட். வீடு நிறையச் சத்தம்.

பாட்டி பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "சாப்பிட்டியா, கண்ணு?" என்று கேட்கிறாள். பையன் தாயின் முகத்தைப் பார்க்கிறான். தாய் அதைப் பிரெஞ்சில் சொல்கிறாள். பையன் "வுய்" என்கிறான். "ஆமாம்" என்று அதற்குப் பொருள். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எல்லா வீடுகளிலும் இப்படி இல்லை. பாரிசில் இருந்தாலும் வீட்டுக்குள் தமிழ்தான் என்று கண்டிப்பாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன. பேரன் மேல் பாட்டிக்கு உயிர். பாட்டி மேல் பேரனுக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்!

இது யாருடைய குற்றம்? அந்தச் சிறுவனுடைய குற்றம் அல்ல. அவனுக்கு யாரும் தமிழைத் தரவில்லை. தருவதற்கு ஓர் இடமும் அமைக்கவில்லை. அந்த இடத்தை அமைப்பது யார் பொறுப்பு என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

சொல்தாவின் பேரன்

புதுச்சேரிக்காரர்கள் கடல் கடப்பது புதிய செய்தி அல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பல தேசம் பார்த்தவர்களை இந்த ஊரில் "சொல்தா" என்பார்கள். சொல்தாவின் பென்ஷனில் வளர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி அது சட்டப்படி உறுதியாயிற்று. விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று உடன்படிக்கையில் இடம் வைத்தார்கள். பலர் அப்படியே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சில் வேலைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

போனவர் தமிழ் பேசினார். அவர் மகன் தமிழைப் புரிந்துகொண்டு, பிரெஞ்சில் பதில் சொன்னான். பேரனுக்குப் புரியவும் இல்லை. மூன்றே தலைமுறை. உலகத்தில் எந்த நாட்டிலிருந்து யார் போனாலும் பெரும்பாலும் இதுதான் கதை.

இந்தக் கதையை மாற்ற வேண்டும் என்று முயன்ற ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்கள் உக்ரைன் நாட்டவர்.

அமெரிக்காவில் ஒரு மலை

உக்ரைன் என்றதும் இன்று போர்தான் நினைவுக்கு வரும். 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் ரஷியப் படை அந்த நாட்டுக்குள் பெருமளவில் புகுந்தது. ஆனால் உக்ரைன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்கா போகத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

முதலில் போனவர்களில் பலர் ஏழை விவசாயிகள். பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். சுரங்கம் இடிந்து ஒருவர் இறந்தால் குடும்பம் தெருவில் நிற்கும். எனவே 1894-ம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கட்டுவது, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித் தொகை கொடுப்பது என்பது ஏற்பாடு. நம் ஊர்ச் சீட்டு, மகமை போன்ற எளிய ஏற்பாடுதான். அதுவே உக்ரைனிய தேசிய சங்கமாக வளர்ந்தது.

இரண்டாவது உலகப் போருக்குப் பின் உக்ரைனிய அகதிகள் மேலும் பலர் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நாடு அப்போது சோவியத் ஆட்சியில் இருந்தது. அங்கே ரஷிய மொழிக்குத்தான் செல்வாக்கு. "ஊரிலும் நம் மொழிக்கு ஆபத்து, இங்கேயும் ஆபத்து. என்ன செய்வது?" என்ற கவலை அவர்களுக்கு.

1952-ம் ஆண்டு அந்தச் சங்கம் ஒரு காரியம் செய்தது. நியூயார்க் மாநிலத்தில் கெர்ஹாங்க்சன் என்ற ஊரை ஒட்டிய மலைச்சாரலில் ஒரு பெரிய இடத்தை விலைக்கு வாங்கியது. முன்பு அது நோயாளிகள் தங்கி உடல் தேறும் விடுதியாக இருந்தது. அதற்குச் "சோயுசிவ்கா" என்று பெயர் வைத்தார்கள். "சோயுஸ்" என்றால் சங்கம்.

மலையில் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். தங்கள் தேசியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவுக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் முக்கியமானது சிலை அல்ல. கோடை விடுமுறையில் அங்கே குழந்தைகளை அழைத்து வந்து தங்க வைக்கிறார்கள். அதுதான் முக்கியம்.

பிள்ளைகள் கூட்டமாகச் சாப்பிடுகிறார்கள். தங்கள் நாட்டு நடனம் பழகுகிறார்கள். பாட்டுக் கற்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் வாசலில் கோலம் போடுவது போல, உக்ரைனியர் முட்டை ஓட்டின் மேல் மெழுகும் சாயமும் கொண்டு சித்திரம் வரைவார்கள். ஈஸ்டர் பண்டிகைக்கு அது அவர்கள் வழக்கம். அந்தக் கலையையும் குழந்தைகள் கற்கிறார்கள். அங்கே சந்தித்துப் பழகி, பிறகு திருமணம் செய்துகொண்டவர்களும் உண்டு.

1991-ம் ஆண்டு உக்ரைன் விடுதலை பெற்றது. அதுவரை, ஊரில் நசுங்கிய பலவற்றைக் கடலுக்கு அப்பால் இருந்த இத்தகைய இடங்கள் காப்பாற்றி வைத்தன.

இதை வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். நிலக்கரி வெட்டியவர்கள்.

தமிழனுக்கும் மலை உண்டு

"நமக்கு இப்படி ஒரு மலை இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று நம்புகிறவர்கள் அல்லவா தமிழர்கள்! போன இடமெல்லாம் அவர்கள் குன்றைத் தேடினார்கள்.

அதில் ஒன்று, புதுச்சேரியோடு நெருங்கிய சம்பந்தம் உள்ளது. அது மொரீஷியஸ் தீவில் இருக்கிறது.

மொரீஷியஸ் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் வசம் இருந்தது. 1735-ம் ஆண்டு லபூர்தொனே என்பவர் அங்கே கவர்னராகப் பொறுப்பேற்றார். துறைமுகம் கட்ட அவருக்குக் கைத்தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. கொத்தர்களையும் தச்சர்களையும் புதுச்சேரியிலிருந்து அழைத்துப் போனார்கள். போர்ட் லூயி என்ற அழகிய பட்டணம் எழுந்ததில் புதுச்சேரிக் கைகளுக்கும் பங்கு உண்டு.

1810-ம் ஆண்டு தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1834-ம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். சுமார் 4½ லட்சம் பேர் போனார்கள். அவர்களில் தமிழர்களும் பலர். கப்பலில் வந்தவர்கள் ஏறிய கரையில் 16 கல்படிகள் இருக்கின்றன. அந்த இடத்தை 2006-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

அந்தத் தீவில் கத்ர் போர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் "கோர் தெ கார்த்" என்று பெயர் வைத்தார்கள். காவல் கூடம் என்று பொருள். அந்த மலைச்சரிவில் முருகன் கோவில் இருக்கிறது. மக்கள் அதை "கோவில் மொந்தாஞ்" என்கிறார்கள். மொந்தாஞ் என்றால் மலை. பெயரில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு! தைப்பூசத்தன்று அலகு குத்தி, காவடி தூக்கி, பக்தர்கள் படியேறும் காட்சி கண்கொள்ளாதது. அந்த நாட்டில் தைப்பூசம் அரசாங்க விடுமுறை.

காவல் மலை எதைக் காத்தது? பக்தியைக் காத்தது. விரதத்தைக் காத்தது. குலப் பெயர்களைக் காத்தது. ஆனால் பேச்சை முழுதாகக் காக்க முடியவில்லை. அங்குள்ள தமிழர் வீடுகளில் இன்று பெரும்பாலும் கிரியோல் என்ற மொழிதான் ஒலிக்கிறது. பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழி அது.

அதனால் தமிழ் மேல் அவர்களுக்குப் பற்று இல்லை என்று நினைத்தால் தவறு. 1998-ம் ஆண்டு மொரீஷியஸ் அரசு வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. பழைய நோட்டுகளில் தமிழ் எழுத்துக்கு இருந்த இடம் மாறி, இந்திக்குக் கீழே போயிருந்தது. தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது! சரளமாகத் தமிழ் பேச வராத பலரும், அந்த எழுத்து இருந்த இடத்துக்காகப் போராடினார்கள். பற்று அவ்வளவு இருக்கிறது. பேசத்தான் வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

பொருள் தெரியாத பாட்டு

மொரீஷியசிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் ரெயூனியன் தீவு இருக்கிறது. அது இன்றும் பிரான்சின் பகுதி. 1848-ம் ஆண்டு அங்கே அடிமை முறை ஒழிந்தது. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பல் ஏற்றினார்கள்.

அந்தத் தீவில் இன்றும் தீமிதி நடக்கிறது. மாரியம்மனுக்குக் கோவில் இருக்கிறது. பூசாரியை "புசாரி" என்றே சொல்கிறார்கள். முருங்கைக்கீரையை "முருங்" என்கிறார்கள். இவ்வளவும் இருக்கிறது.

தெருக்கூத்தும் இருந்தது. "நாடகம்" என்ற சொல் அவர்கள் வாயில் "நார்ல்கோன்" ஆயிற்று. வாத்தியார் "வர்த்தியால்" ஆனார். நம் ஊரைப் போலவே விடிய விடியப் பாரதக் கதை ஆடினார்கள். ஆனால் காலப்போக்கில் நேர்ந்தது என்ன? ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் பாடும் தமிழ்ப் பாட்டின் பொருள் தெரியாமல் போயிற்று. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து பாடினார்கள். பார்க்கிறவர்களுக்கும் புரியவில்லை.

திரௌபதி சபையில் நின்று நியாயம் கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்பது, கேட்கிறவளுக்கே தெரியாது. இதைவிடக் கொடுமை ஒரு மொழிக்கு வேறு உண்டா?

அந்த மக்களை யாரும் குறை சொல்லக்கூடாது. கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மட்டுமே. இவ்வளவுக்கும் நடுவே கூத்தை விடாமல் பிடித்திருந்தார்களே, அதற்கே கை எடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்கள் அனுபவம் ஒரு பாடம் சொல்கிறது. சடங்கு தானாக நூறு ஆண்டு வாழும். மொழி அப்படி வாழாது. அதை ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பத்துமலையும் பள்ளிக்கூடமும்

மலேசியாவைப் பாருங்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள பத்துமலையை அறியாதவர் யார்? 1891-ம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளை அங்கே குகைக்குள் முருகனுக்குக் கோவில் கண்டார். அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கிறது. குகைக்கு ஏற 272 படிகள். 2006-ம் ஆண்டு 140 அடி உயர முருகன் சிலையையும் நிறுத்தினார்கள்.

மலேசியத் தமிழர்களில் மிகப் பலர் இன்றும் தமிழ் பேசுகிறார்கள், படிக்கிறார்கள். பத்திரிகை நடத்துகிறார்கள், கதை எழுதுகிறார்கள். அதற்குக் காரணம் மலை மட்டுமா? அல்ல. அந்த நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கூலிகளின் குழந்தைகளுக்காக ஏற்பட்டவை. தமிழர்கள் அங்கே ஒரே இடத்தில் கூட்டமாக வாழ்ந்ததும் உதவியாக இருந்தது.

மலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போகிறார்கள். மொழியைக் காப்பாற்றியது அந்தத் தினசரிப் பழக்கம்தான்.

எனவே, வெளிநாட்டில் கோவில் கட்டப் பணம் அனுப்புகிறவர்கள் அதோடு நின்றுவிடக்கூடாது. கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறையும் வேண்டும். கும்பாபிஷேகத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"பிழைப்புக்கு உதவுமா?"

"பிரான்சில் இருக்கும் பையனுக்குத் தமிழ் எதற்கு? அது சோறு போடுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளை முன்னேற வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை இருக்காது?

பையன் பிரெஞ்சு நன்றாகப் படிக்கட்டும். அந்த நாட்டுக்கு நல்ல குடிமகனாக இருக்கட்டும். யாரும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மொழி வந்தால் இன்னொரு மொழி போக வேண்டும் என்று சட்டம் இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோர்ட்டில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் இது.

சோறு போடுவது மட்டும் மொழியின் வேலை அல்ல. தாத்தா எப்படி வாழ்ந்தார், எந்த நிலத்தை விற்றுத் தகப்பனைக் கப்பல் ஏற்றினார் என்ற கதை எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரியாத பேரன் தன் குடும்பத்துக்குள்ளேயே விருந்தாளி ஆகிவிடுகிறான்.

"இரண்டு வாரம் முகாமில் இருந்தால் மொழி வந்துவிடுமா?" என்றும் கேட்கலாம். வராது. உக்ரைனியர் பிள்ளைகளும் அமெரிக்காவில் ஆங்கிலம்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு ஒன்று கிடைக்கிறது. தன்னைப் போலவே இருக்கும் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறது. வீட்டு மொழி என்றால் பெரியவர்கள் திட்டும் மொழி அல்ல, விளையாடும் மொழி என்று கண்டுகொள்கிறது. ஆசை பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதுச்சேரி செய்யக்கூடியது

புதுச்சேரியில் மலை இல்லை. பெயரில் மேடு உள்ள கோரிமேடுதான் இருக்கிறது! ஆனால் மலை இல்லாததால் காரியம் கெட்டுவிடாது. உக்ரைனியர் தங்கள் நாட்டுக்குப் போக முடியாத காலத்தில், நாட்டுக்குப் பதிலாக மலையை வாங்கினார்கள். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கோ ஊரே திறந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் அவர்களே வருகிறார்கள். வந்த பிள்ளைகளை என்ன செய்கிறோம்? கடற்கரையைக் காட்டுகிறோம். புகைப்படம் எடுக்கிறோம். திருப்பி அனுப்புகிறோம்.

தமிழ்நாடு அரசு 2023-ம் ஆண்டு "வேர்களைத் தேடி" என்று ஒரு திட்டம் தொடங்கியது. அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து தமிழகத்தைச் சுற்றிக் காட்டும் திட்டம் அது. பாராட்டத்தக்கது. ஆனால் அது வளர்ந்த இளைஞர்களுக்கானது. நாக்கு வளையும் வயது 5 முதல் 12 வரை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரண்டு மூன்று வாரம். ஒரு மண்டபம் போதும். காலையில் எழுத்தும் பேச்சும். பிற்பகலில் வில்லியனூர்க் குயவர்களிடம் களிமண் பிடிக்கக் கற்கலாம். ரெட்டியார்பாளையத்திலிருந்து வில்லியனூர் கூப்பிடு தூரம். சுடுமண் பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்று வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களை அழைத்து, ஒரு சின்னக் கதையைப் பொருள் தெரிந்து ஆடச் சொல்லிக் கொடுக்கலாம். கலைஞர்களுக்கும் ஒரு வருமானம். உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாத்தியாரிடம் வராத தமிழ், கூட விளையாடும் பையனிடம் வந்துவிடும்.

செலவை யார் ஏற்பது? ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தீர்ந்தது. பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக்காரர்களின் சங்கங்களும் இங்குள்ள குடும்பங்களும் கை கோக்கலாம். நிலக்கரி வெட்டியவர்கள் செய்ததை, இவர்கள் செய்ய முடியாதா?

முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பேரன் வந்தால் பாட்டி அவனுக்காக "வுய்", "மெர்சி" என்று சொல்லத் தொடங்குகிறாள். ஆசையில் செய்கிறாள். ஆனால் அந்த ஒரு மாதம் அவள் தமிழிலேயே பேசட்டும். கையில் காசு கொடுத்து "மூலைக் கடையில் கொத்தமல்லி வாங்கி வா" என்று அனுப்பட்டும். வாசலில் புள்ளி வைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து எண்ணச் சொல்லட்டும். இரவில் ஒரு கதை. முதல் நாள் புரியாது. பத்தாம் நாள் பாதி புரியும். பெற்றோர் நடுவே புகுந்து மொழிபெயர்க்காமல் இருந்தால் போதும். ஊர் திரும்பிய பிறகும் வாரம் ஒருநாள் போனில் கதை தொடரலாம்.

மலை வாங்க நிறையப் பணம் வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஆனால் பாட்டி இருக்க வேண்டும். ரெட்டியார்பாளையத்து வீடுகளில் இன்று பாட்டிமார் இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து இதே யோசனையைச் சொன்னால், கதை சொல்ல யார் இருப்பார்கள்?